குழு குழுவாக எடை குறைக்கும் போட்டி, டிவியில் வந்த மாதிரி நம்ம ஊரில் நடத்தலாமா?

செம்பனைக்காட்டான் எழுதியது:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானிலிருந்து (வீடமைப்புப் பகுதி) எழுதுகிறேன். இங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் பழைய தோட்டத்து ஆட்கள், லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகள்) இடித்த பிறகு இங்கே வந்து குடியேறியவர்கள். எங்களுக்கு ஓர் இளைஞர் குழு உண்டு. இளைஞர் என்பது பெயரில்தான், பாதிப் பேருக்கு நாற்பது தாண்டிவிட்டது.

விஷயம் என்னவென்றால், போன மாதம் திருவிழாவில் ரதம் இழுத்தபோது கோயிலிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் மூன்று தடவை நிறுத்தி மூச்சு வாங்கினோம். நான் 103 கிலோ, கயிற்றைப் பிடித்தேனா கயிறு என்னைப் பிடித்ததா என்றே தெரியவில்லை. ஓரத்தில் நின்ற ஒரு பெரியவர், "உங்க தாத்தா காலத்துல இதே ரதத்தைப் பத்துப் பேரு இழுத்தாங்கடா. ரதம் கனத்துப் போச்சா, நீங்க கனத்துப் போயிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். அன்று ராத்திரி முழுக்கப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இதே பேச்சு.

கடைசியில் ஒருவர், டிவியில் 'தி பிக்கஸ்ட் லூசர்' வந்ததே, அதே மாதிரி நாமும் குழு பிரித்துப் போட்டி வைக்கலாம் என்றார். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. இப்போதைக்குத் திட்டம் இதுதான்: 20 பேர், 4 குழு, 12 வாரம். ஆளுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்). ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் நிறுவை. எந்தக் குழு அதிகம் குறைக்கிறதோ அதற்கு மொத்த 1,000 வெள்ளியும். வாரா வாரம் கடைசியில் வரும் குழுவிலிருந்து ஒருவரை வெளியேற்றலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. பழைய இரும்பு வாங்கும் கடையிலிருந்து ஒரு பெரிய தராசுகூட இரவல் பேசிவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு என் மனைவி, "செம்பனைப் பழக்குலை நிறுக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

கேள்விகள்: கிலோ கணக்கில் பார்ப்பதா, சதவீதத்திலா? எங்களில் 128 கிலோ ஆளும் இருக்கிறார், 64 கிலோ அக்காவும் இருக்கிறார். ஆளை வெளியேற்றுவது சரிதானா? அப்புறம் என் அம்மாவும் சேர வேண்டும் என்று அடம் பிடிக்கிறார், அவருக்கு 61 வயது, இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். சேர்க்கலாமா?

—

ஈப்போ_டிவிக்காரன் எழுதியது:

அந்த நிகழ்ச்சியை ஒரு காலத்தில் விடாமல் பார்த்தவன் நான், சொல்கிறேன் கேளுங்கள். அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சியில் 2004 அக்டோபரில் தொடங்கியது. முதல் பருவத்தில் சிவப்பு அணி, நீல அணி என்று இரண்டே அணி. பயிற்சி கொடுத்தவர்கள் பாப் ஹார்ப்பரும் ஜில்லியன் மைக்கேல்ஸும். வாரக் கடைசியில் நிறுவை, தோற்ற அணி தன் ஆட்களில் ஒருவரைத் தானே ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கடைசிப் பரிசு இரண்டரை லட்சம் டாலர். நம்ம பக்கத்திலும் ஆசியப் பதிப்பு ஒன்று 2009இல் வந்தது, ஹால்மார்க் சேனலில், சரிமா இப்ராஹிம் நடத்தினார், படப்பிடிப்பு மலேசியாவில்தான். ஞாபகம் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள்.

முதலில் உங்கள் கணக்குக் கேள்வி. சதவீதம்தான் நியாயம், அந்த நிகழ்ச்சியே தனி ஆளை அப்படித்தான் ஒப்பிட்டது. 128 கிலோ ஆள் 6 கிலோ குறைப்பதும் 64 கிலோ அக்கா 3 கிலோ குறைப்பதும் ஒன்றுதான், இரண்டும் 4.7 சதவீதம். கிலோ என்று வைத்தால் எந்தக் குழுவில் கனமான ஆள் இருக்கிறாரோ அந்தக் குழு முதல் நாளே ஜெயித்துவிடும், அந்த அக்காவை யாரும் தன் குழுவில் சேர்க்க மாட்டார்கள்.

ஆனால் நீங்கள் அந்த நிகழ்ச்சியை அப்படியே இறக்கப் பார்க்கிறீர்கள் என்பதுதான் எனக்கு உதைக்கிறது. அதில் கலந்துகொண்டவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது தெரியுமா? முதல் பருவத்தில் ஜெயித்த ரயன் பென்சன் 150 கிலோவிலிருந்து 94க்கு வந்தார். கடைசி நிறுவைக்காகப் பட்டினி கிடந்து, தண்ணீரை நிறுத்தி, சிறுநீரில் ரத்தம் வரும் அளவுக்குப் போனேன் என்று பிறகு அவரே சொன்னார். எடையும் திரும்பி வந்துவிட்டது. 2009இல் எட்டாவது பருவத்தில் ஜெயித்த டேனி கேஹில் 195 கிலோவிலிருந்து 87க்கு இறங்கினார். யோசித்துப் பாருங்கள், ஒரு முழு ஆளையே இறக்கி வைத்த மாதிரி. அந்தப் பருவத்தில் கலந்துகொண்ட 14 பேரை அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 6 வருடம் கழித்துக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்தது, 2016இல் முடிவு வெளியானது. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். 14இல் 13 பேருக்கு எடை கூடியிருந்தது, 4 பேர் போட்டிக்கு முன்னால் இருந்ததைவிடக் கனமாகிவிட்டார்கள்.

இதைவிட மோசம் என்னவென்றால், அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கிற கலோரி, அந்த எடை ஆளுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 குறைந்திருந்தது. எடை திரும்பி ஏறியும் அது பழைய நிலைக்கு வரவில்லை. பசியை அடக்குகிற லெப்டின் என்ற சுரப்பும் முன்பு இருந்த அளவுக்குத் திரும்பவில்லை. ஆக, நாளுக்கு ஒன்றரை ரொட்டி சானாய்க்கு அந்த உடம்பில் இடமே கிடையாது, ஆனால் பசி மட்டும் முன்னைவிட அதிகம். அப்புறம் அவர்களைப் பார்த்து 'கட்டுப்பாடு இல்லாதவன்' என்று சொன்னால் எப்படி?

—

தே_ஓ_கொசோங் எழுதியது:

மூன்று வருடத்துக்கு முன் நான் வேலை செய்யும் இடத்தில் இதே மாதிரிப் போட்டி வைத்தார்கள். எங்கே என்று சொல்ல மாட்டேன், எல்லாரும் இன்னும் அங்கேதான் இருக்கிறோம். நான் இருந்த குழுதான் ஜெயித்தது. எப்படி ஜெயித்தோம் என்பதைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

முதல் நிறுவைக்கு முன்னால் இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தேன், இரண்டு தட்டு நாசி லெமாக். ஜீன்ஸ் பாக்கெட்டில் வீட்டுச் சாவி, மோட்டார் சாவி, லாக்கர் சாவி, ஒரு பிடி சில்லறை. அந்த 'ஆரம்ப எடை'யில் இரண்டரை கிலோ பொய். அந்தப் பொய்யைப் பிறகு குறைத்தது எனக்குப் பெரிய சாதனை! கடைசி வாரம் அதற்கு நேர் எதிர். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, முந்தின நாள் மதியத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் திடலைச் சுற்றினேன். மத்தியானம் இரண்டு மணி வெயில், பிளாஸ்டிக் சட்டை, உள்ளே வியர்வை முழங்கையில் சேர்ந்து கையை ஆட்டினால் சளக் சளக் என்று சத்தம் கேட்கும். மறுநாள் தராசில் ஏறி இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது, பக்கத்தில் இருந்தவர் பிடித்துக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

11 கிலோ குறைத்ததாகச் சான்றிதழ் கொடுத்தார்கள். பரிசு ஒரு ஹேம்பர், அதில் பிஸ்கட், சாக்லேட், கோர்டியல். நிஜமாக. அடுத்த தீபாவளிக்குள் 9 கிலோ திரும்பி வந்துவிட்டது.

குழுவாக இருந்ததில் நல்லது ஒன்றும் இல்லையா என்றால், இருந்தது. எங்களில் ஒருவர் தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு என் வீட்டு வாசலில் வந்து ஹார்ன் அடிப்பார், ஒரு தடவைதான் அடிப்பார், ஆனால் நான் வரும் வரை போக மாட்டார். அக்கம்பக்கத்தார் திட்டுவார்கள் என்ற பயத்திலேயே எழுந்துவிடுவேன். போட்டி முடிந்தும் அவர் வருவதை நிறுத்தவில்லை. எனக்கு மீதி இருக்கிற 2 கிலோ அவர் கணக்கு.

ஆகவே பணத்தை எடைக்குக் கட்டாதீர்கள். கட்டினால் என்னைப் போல ஆட்கள் வருவார்கள்.

—

கிளினிக்_அக்கா எழுதியது:

தம்பி, அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன், 19 வருடம். அம்மா விஷயத்தை முதலில் பேசுவோம், மற்றதெல்லாம் பிறகு.

இனிப்பு நீருக்கு என்ன மாத்திரை என்பதுதான் முக்கியம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சீனி திடீரென்று இறங்கும் ஆபத்து குறைவு. கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் சாப்பாட்டைச் சட்டென்று பாதியாக்கிவிட்டு, மருந்தை மட்டும் பழையபடி போட்டுக்கொண்டால், சீனி தாறுமாறாகக் கீழே போகும். கை நடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, பேச்சுக் குழறல், அப்புறம் மயக்கம். பசியை அடக்குகிறோம், அதனால் இப்படித்தான் இருக்கும் என்று அவரே நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவார், நம்ம அம்மாக்கள் அப்படித்தானே. அதனால் கிளினிக்குக் கூட்டிப் போய், இன்ன மாதிரி சாப்பாட்டைக் குறைக்கப் போகிறார், நடக்கப் போகிறார் என்று டாக்டரிடம் சொல்லி, மருந்து அளவைப் பார்த்த பிறகு சேருங்கள். சேர்க்க வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். அவர் நடந்தால் மற்றவர்களைவிட அவருக்குத்தான் பலன் அதிகம். தோட்டத்தில் வேலை செய்தவரா? அப்படியென்றால் உங்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டுப் போய்விடுவார்.

ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதேதான், அதிலும் நீர் போவதற்கான மாத்திரை எடுப்பவர் மேலே ஒருவர் சொன்ன மழைச்சட்டை வித்தையைச் செய்தால் நேராக எங்களிடம்தான் வருவார், ஆம்புலன்ஸில்.

முதல் வாரம் மூன்று கிலோ, நான்கு கிலோ இறங்குகிறதே என்று குதிக்காதீர்கள். சோற்றையும் மாவையும் குறைத்தால் உடம்பில் சேமித்து வைத்த கிளைக்கோஜன் கரையும். அது ஒரு கிராம் கரைந்தால் கூடவே மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் போகும். அது கொழுப்பு இல்லை. பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களை ஒட்டி ஒன்று இரண்டு கிலோ தண்ணீர் ஏறி இறங்கும், அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஒருத்தியைத் தராசில் ஏற்றி, "உன்னால்தான் குழு தோற்றது" என்றால் என்ன நியாயம்? வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ, அது போதும்.

தராசைவிட எனக்கு இஞ்ச் டேப் பிடிக்கும். நம்ம ஆட்களுக்குக் கை கால் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆசியர்களுக்கு இடுப்பளவு ஆண் என்றால் 90 செண்டிமீட்டர், பெண் என்றால் 80, அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேர், 50.1 சதவீதம், எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முன்னால் நிற்கிறோம். வேறு எதில் முன்னால் நின்றோமோ இல்லையோ.

—

லயத்துப்பொண்ணு எழுதியது:

யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன் அண்ணே. அந்த 20 பேரில் பெண்கள் எத்தனை பேர்? 'எல்லார் முன்னாலும் நிறுவை' என்று எழுதியிருக்கிறீர்களே, எங்கள் சித்தி 90 கிலோ, வீட்டுக்குள் தராசில் ஏறும்போதே கதவைச் சாத்திக்கொள்வார். அவரைக் கோயில் மண்டபத்தில், மாமனார் வயசு ஆட்களும் பையன்களும் பார்க்க, இரும்புக்கடைத் தராசில் ஏறச் சொன்னால் அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். டிவியில் அது வேடிக்கை. இங்கே திங்கட்கிழமை சந்தையில் எதிரே பார்க்கப் போகிற முகங்கள்.

இன்னொன்று, சமையல். நீங்கள் கொசோங் (சீனி வேண்டாம்), கூராங் மானிஸ் (இனிப்பு கம்மி) என்று கடையில் சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். வீட்டில் உங்களுக்குத் தனியாக அவித்த கோழி, பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறு குழம்பு, மாமியாருக்குத் தனியாகக் கஞ்சி. இரண்டாவது வாரம் உங்கள் மனைவிதான் 5 கிலோ குறைந்திருப்பார்.

ஆளை வெளியேற்றுவது வேண்டவே வேண்டாம். யார் வெளியே போவார்? குறையாதவர். யாருக்கு இந்தக் குழு அதிகம் தேவை? அவருக்குத்தான்.

—

பழைய_பெரட்டு எழுதியது:

உங்க தாத்தா காலத்துல காலையில் அஞ்சரைக்குப் பெரட்டு. பேர் கூப்பிடும்போது இல்லைன்னா அன்னைக்குச் சம்பளம் இல்லை. அப்புறம் ஆளுக்கு ஐந்நூறு ரப்பர் மரம், ஒவ்வொரு மரத்துக்கிட்டயும் குனிஞ்சு நிமிர்ந்து, மேட்டுல ஏறி இறங்கி, பாலைத் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு வரணும். யாரும் யாரையும் நிறுக்கலை, பாலைத்தான் நிறுத்தாங்க. சாப்பாடும் ஒண்ணும் கம்மியில்லை, சோறு மலை மாதிரி இருக்கும். இப்ப அதே சோறு இருக்கு, மேடு இல்லை. கடைக்குப் போக அரை கட்டைக்கு (அரை மைலுக்கு) மோட்டார்.

பெரட்டை மறுபடி வைங்க, அது போதும். வரலைன்னா அபராதம் அஞ்சு வெள்ளி.

—

ஈப்போ_டிவிக்காரன் எழுதியது:

பெரியவர் சொன்னதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது, அதே 14 பேரைப் பற்றி 2017இல் இன்னொரு ஆய்வுக் கட்டுரை வந்தது. ஆறு வருடம் கழித்தும் எடையை ஓரளவு பிடித்து வைத்திருந்தவர்களுக்கும் ஏற்றிவிட்டவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தார்கள். சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, உடம்பை அசைப்பதில்தான். பிடித்து வைத்தவர்கள் போட்டிக்கு முன்பு இருந்ததைவிட உடல் உழைப்பை 160 சதவீதம் கூட்டி வைத்திருந்தார்கள், மற்றவர்கள் 34 சதவீதம்தான். தினமும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் வேகநடை என்று வைத்துக்கொள்ளலாம். ஜிம்மில் ஆளைக் கதறவிட்ட காட்சியெல்லாம் டிவிக்கு. அதற்குப் பிறகு கேமரா இல்லாமல் நடந்தவன்தான் தப்பித்தான்.

ஆக, பெரட்டுக்கு என் ஓட்டு.

—

செம்பனைக்காட்டான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து பேசினோம், சண்டையும் நடந்தது. எடைப் போட்டி இல்லையென்றால் 50 வெள்ளி எதற்கு என்று இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். மழைச்சட்டைக் கதையை வாசித்துக் காட்டினேன், எல்லாரும் சிரித்தார்கள், ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை, அவர்தான் கழன்ற இரண்டு பேரில் ஒருவர்.

இப்போது முடிவு இப்படி: 4 குழு அப்படியே இருக்கும், இரண்டு குழு முழுக்கப் பெண்கள். வாரத்தில் 5 நாள் காலை தமிழ்ப்பள்ளித் திடலிலிருந்து நடை, பேர் கூப்பிடுவோம். புள்ளி வருகைக்கு மட்டும். வராதவர் வீட்டு வாசலில் அவர் குழு போய் நிற்க வேண்டும், ஹார்ன் அடிக்கலாம், ஒரு தடவை. எடையும் இடுப்பளவும் மாதம் ஒரு முறை, அதுவும் அவரவர் குழுத் தலைவர் வீட்டில், நோட்டில் எழுதி மூடி வைப்பது. பெண்களுக்கு அளவெடுக்கத் தையல்கார அக்கா ஒப்புக்கொண்டார். யாரையும் வெளியேற்றுவது கிடையாது. 900 வெள்ளி சேரும், 12 வாரம் முடிந்ததும் அதில் எல்லாரும் குடும்பத்தோடு சாப்பிடுவோம் என்று ஒருவர் சொன்னார், அதைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.

அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். கிளிக்லசைடுதான் அக்கா, நீங்கள் சொன்னது சரி. டாக்டர் மருந்தில் கொஞ்சம் மாற்றம் செய்தார், நடக்கும்போது பாக்கெட்டில் மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொன்னார். இத்தனை வருடமாக மிட்டாய் தொடாதே என்று சொன்ன நானே வாங்கிக் கொடுத்தேன், அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனால் இரும்புக்கடைக்காரர், "ஏன், தாங்கலையா?" என்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். திடலைச் சுற்றிச் சுற்றி வந்தால் சலித்துப் போகும் என்று செம்பனைக் காட்டு ரோட்டில் ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பலாம் என்கிறார்கள். ஐந்தே முக்காலுக்கு அங்கே நல்ல இருட்டு. யாராவது அப்படி நடந்திருக்கிறீர்களா?

—

தே_ஓ_கொசோங் எழுதியது:

நடந்திருக்கிறேன். ஆளுக்கொரு டார்ச் வேண்டும், கூட்டத்தில் ஒருவர் கையில் தடியும் இருக்கட்டும், பாலத்துக்குப் பக்கத்தில் நாய்கள் உண்டு. பன்றி விடியும் வரை அந்தப் பக்கம் சுற்றும், ஏழு மணி ஆனால்தான் வெளிச்சம் வரும். முதல் ஒரு மணி நேரம் திடலிலேயே சுற்றிவிட்டு அப்புறம் பாலத்துக்குப் போங்கள். அம்மாவை நடுவில் விடுங்கள்.